ஆர்கோ மிதவைத் தரவை ஸ்வரமாக்கினால் பாட்டு பாதியில் படுத்துவிடுகிறது

கரைமணல்:
வடக்கு வங்காள விரிகுடாவில் மிதக்கும் ஓர் ஆர்கோ மிதவையின் (கடலின் ஆழத்துக்குப் போய்வந்து வெப்பத்தையும் உப்பையும் அளக்கும் தானியங்கிக் கருவி) ஏப்ரல் மாத வெப்பத் தரவை இறக்கி, மோகன ராகத்தில் ஸ்வரமாக்கினேன். சூடான நீருக்கு மேல்ஸ்தாயி, குளிர்ந்த நீருக்குக் கீழ்ஸ்தாயி, பின்னால் தம்புரா. 20 மீட்டருக்கு ஒரு நொடி. கடல்மட்டத்தில் 29 டிகிரி இருப்பது 200 மீட்டருக்குள் 14-க்கு வந்துவிடுகிறது. முதல் பத்து நொடியில் ஸ்வரங்கள் கடகடவென்று உருண்டு விழுகின்றன. அப்புறம் 2000 மீட்டர் வரை, ஒன்றரை நிமிடத்துக்கு அதே நாலைந்து ஸ்வரம்தான். முப்பது வருஷம் கடலுக்குப் போன அப்பாவிடம் போட்டுக் காட்டினேன். "நின்னுடுச்சாப்பா?" என்றார். மேல்பகுதியை மட்டும் இழுத்து நீட்டலாமா? அது கடலைத் திரிப்பதாகிவிடும் என்று மனசு ஒப்பவில்லை. நடுவில் காதைக் கிழிக்கும் ஒரு கீச்சு வேறு.

உவர்நீர்:
கீச்சு கடலுடையது அல்ல. அளவு கிடைக்காத இடத்தில் கோப்பு 99999 என்று நிரப்பி வைத்திருக்கும், அதைத்தான் வாசித்திருக்கிறீர்கள். ஒவ்வொரு அளவுக்கும் தரக்குறி உண்டு. 1 என்றால் நல்லது, 4 என்றால் கெட்டது. 1 மட்டும் எடுங்கள். பாட்டை வெளியிடும்போது மிதவை எண்ணையும் தேதியையும் கூடவே எழுதுங்கள். தரவு எல்லோருக்கும் இலவசம், ஆனால் ஆர்கோவின் பெயரைச் சொல்வதுதான் முறை.

மந்திரஸ்தாயி:
நீட்ட வேண்டாம், திருப்புங்கள். மிதவை 1000 மீட்டரில் ஒன்பது நாள் போலச் சும்மா மிதந்துவிட்டு, 2000-க்கு இறங்கி, மேலே ஏறும்போதுதான் அளக்கிறது. ஏற ஆறு மணி நேரம் பிடிக்கும். நீங்கள் அவரோகணமாக வாசிப்பது அதற்கு ஆரோகணம். ஆலாபனையில் கீழ் ஸ்வரங்களில் நின்று நிதானமாக விரித்த பிறகுதானே தாரஸ்தாயிக்குப் போகிறோம்? அந்த ஒன்றரை நிமிடம் முன்னால் வரட்டும், யாருக்கும் நின்றுபோன மாதிரி இருக்காது.

கரைமணல்:
திருப்பிவிட்டேன். உடம்பு சிலிர்த்துவிட்டது! டிசம்பர் அளவையும் போட்டுப் பார்த்தேன். உச்சிக்குப் போன ஸ்வரம் கடைசி 50 மீட்டரில் ஒரு படி கீழே இறங்கி முடிகிறது. மறுபடியும் கெட்ட அளவா? தரக்குறி 1 என்றே இருக்கிறது.

உவர்நீர்:
அதை மட்டும் திருத்திவிடாதீர்கள். கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்த உப்பு குறைந்த நீர் மேலே படர்ந்திருக்கும். பனிக்காலத்தில் அது குளிர்ந்தாலும், உப்பு குறைவென்பதால் எடை குறைவு, மூழ்காது. வெதுவெதுப்பான நீர் அதற்கு அடியில் இருக்கும்.

கரைமணல்:
அப்படியானால் உப்பின் அளவைத் தம்புராவிடம் கொடுக்கிறேன். அந்த இடத்தில் அது மெலியட்டும்.