நம்பிக்கை இல்லாதவன் காமனுக்குக் காப்புக் கட்டலாமா?

மேற்கணக்குக்காரன்:

வணக்கம். இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான், இப்போது கொழும்பில் வேலை. எங்கள் தோட்டத்தில் மாசி மாதக் காமன் கூத்து இன்னும் விடாமல் நடக்கிறது. கூத்தை நடத்துகிற மாஸ்டர் அப்பாதான், அவருக்கு முன்னால் தாத்தா. இவ்வளவு காலமும் மன்மதன் வேஷம் கட்டிய பெரியப்பா மகன் கட்டாருக்குப் போய்விட்டான், அதனால் இந்த முறை நீ கட்டுகிறாயா என்று அப்பா கேட்கிறார். கட்டளை ஒன்றும் போடவில்லை. "பாட்டு உனக்குத் தெரியும், உயரமும் சரியா இருக்கும், யோசிச்சுச் சொல்லு" என்று போனில் சொன்னார், அவ்வளவுதான்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. கெம்பஸ் காலத்திலிருந்தே அப்படித்தான், வீட்டிலும் தெரியும், யாரும் என்னைக் கோயிலுக்கு வா என்று இழுத்ததில்லை. வெறும் நாடகமாக இருந்தால் உடனே சரி என்றிருப்பேன். ஆனால் காமன் கூத்து அப்படியில்லை என்பது மலையகத்துக்காரர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றி, ரதிக்கும் மன்மதனுக்கும் காப்புக் கட்டுவார்கள். பௌர்ணமி இரவில் சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மன்மதனை எரிக்கும் வரைக்கும் அந்த இரண்டு பேரும் விரதம். கவுச்சி ஆகாது, சாராயம் ஆகாது, பாய் தலையணை தனி. அந்த நாட்களில் அவர்களை யாரும் நடிகர்களாகப் பார்ப்பதில்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு லயம் ஆடிக்கொண்டு போகும்போது, வாசல் திண்ணையான இஸ்தோப்பில் விளக்கு ஏற்றி வைத்து, காலுக்கு மஞ்சத்தண்ணி ஊற்றி, திருநீறு போடச் சொல்லிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கடைசியாக நான் போயிருந்தபோது, பேச்சு வராத ஒரு பையனை அவன் அம்மா கூட்டிக்கொண்டு வந்து, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே அவன் தலையை அண்ணனின் கைக்குக் கீழே அமுக்கிப் பிடித்தார். அந்த இடத்தில் நான் நின்றால், என் கையில் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும், அந்த அம்மாவுக்குத் தெரியாது.

அறை நண்பன் இதைக் கேட்டுவிட்டு, இவ்வளவு நாள் பேசிய பகுத்தறிவெல்லாம் எங்கே போயிற்று என்கிறான். அம்மாவோ, அப்பா வாய் திறந்து உன்னிடம் எதையாவது கேட்டிருக்கிறாரா, இது ஒன்றுதானே என்கிறார். அப்பாவுக்கு மரியாதை கொடுக்கப் போய் அந்தப் பையனின் அம்மாவை ஏமாற்றியதாகாதா? இதுதான் என் கேள்வி. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய தூதன்:

தம்பி, தாராளமாகக் கட்டுங்கள். நான் ரொம்ப வருடம் தூதன் வேஷம் கட்டியவன், அந்த உரிமையில் சொல்கிறேன். பொட்டலில் யாரும் உங்கள் மனதைத் திறந்து பார்க்கப் போவதில்லை. அங்கே கேட்பது சுத்தம், பாட்டு, விடிய விடிய ஆடுகிற தெம்பு. பக்தி பக்தி என்று நெற்றி நிறையப் பூசிக்கொண்டு ஸ்டோருக்குப் பின்னால் போய் ஒரு கிளாஸ் போட்டுவிட்டு வந்து ஆடியவர்களையும் பார்த்திருக்கிறேன். நம்பிக்கை இல்லாவிட்டாலும் விரதத்தைச் சரியாகக் காக்கிற பிள்ளை அவர்களைவிட எவ்வளவோ மேல்.

கதையையே எடுத்துக்கொள்ளுங்களேன். மன்மதன் விரும்பியா போகிறான்? சிவனுடைய தவத்தைக் கலைத்தால் சாம்பல்தான் என்று அவனுக்குத் தெரியும், ரதியும் போகாதே போகாதே என்று கிடந்து அழுகிறாள். அசுரனை அழிக்கச் சிவனுக்கு ஒரு பிள்ளை பிறந்தாக வேண்டும் என்று தேவர்கள் கெஞ்சுகிறார்கள், அவர்களுக்காகத் தன் விருப்பத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அம்பை எடுக்கிறான். உங்கள் நிலைமைக்கு இதைவிடப் பொருத்தமான வேஷம் எது?

உங்கள் நண்பர் பகுத்தறிவு பேசுகிறவர் என்றால் அவருக்கும் ஒன்று சொல்லுங்கள். பெரியார் குன்றக்குடி மடத்துக்குப் போனபோது அடிகளார் திருநீறு பூசினார், பெரியார் தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை. கூட்டங்களில் கடவுள் வாழ்த்துப் பாடினால், தள்ளாத வயதிலும் இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பார் என்றும் சொல்வார்கள். அதனால் அவர் கொள்கை குறைந்தா போயிற்று?

இன்னொன்று, இதே காமன் கூத்தைக் கொழும்பில் மேடை போட்டு ஆடினால் மலையகத்தின் கலை என்று கைதட்டுகிறோம், தோட்டத்தில் நம் அப்பா ஆடினால் மட்டும் கூச்சம் வந்துவிடுகிறது. அதையும் யோசியுங்கள்.

தலவாக்கலை டீச்சர்:

நான் கிறிஸ்தவ சபைக்குப் போகிறவள். அம்மாவும் தம்பியும் சைவம். அப்பாவின் திவசம் வந்தால் எனக்கும் இதே பாடுதான், அதனால் எழுதுகிறேன்.

கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தில் 8ஆம் அதிகாரம் முழுக்க இந்தப் பேச்சுதான். விக்கிரகம் என்பது ஒன்றுமேயில்லை, அதற்குப் படைத்ததைச் சாப்பிட்டாலும் பாவமில்லை என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனாலும் நான் சாப்பிடுவதைப் பார்த்து நம்பிக்கையில் இளைத்த ஒரு சகோதரன் இடறுவானானால் என்றைக்கும் நான் மாம்சமே சாப்பிடமாட்டேன் என்று முடிக்கிறார். தன் பக்கம் சரி என்று தெரிந்தும் விட்டுக்கொடுக்கிறார், இந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் படிப்பேன். ஆனால் இரண்டே அதிகாரம் தள்ளி, 10இல், கர்த்தருடைய பந்தியிலும் பேய்களுடைய பந்தியிலும் ஒரே ஆள் உட்கார முடியாது என்றும் எழுதுகிறார். அதாவது எதையும் எல்லாவற்றையும் விட்டுக்கொடு என்று அவர் சொல்லவில்லை.

திவசத்தன்று நான் விடியற்காலையே அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். தேங்காய் திருவுவேன், பருப்பு வேகவைப்பேன், வடைக்கு அரைப்பேன், வந்தவர்களுக்கு இலை போட்டுப் பரிமாறுவேன். அப்பா படத்துக்கு முன்னால் படைக்கும்போது பின்னால் அமைதியாக நிற்பேன், கும்பிட மாட்டேன், படைத்ததைச் சாப்பிட மாட்டேன். இதைக் கல்யாணமான புதிதிலேயே அம்மாவிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன், ஒளித்து எதுவும் செய்வதில்லை. அம்மா என்ன செய்தார் தெரியுமா, படைக்கிறதுக்கு முன்னாலேயே எனக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சட்டியில் எடுத்து மூடி வைத்துவிடுவார். எனக்காக அவர் விட்டுக்கொடுத்தது அது. சொல்லியிருக்காவிட்டால் அவருக்கு அது தோன்றியிருக்காது.

தம்பி, எதுவரைக்கும் செய்வீர்கள், எதைச் செய்யமாட்டீர்கள் என்று முதலில் உங்களுக்குள்ளேயே முடிவெடுங்கள், பிறகு அப்பாவிடம் சொல்லுங்கள். போனில் வேண்டாம், நேரில் போய்.

உருமிச்சத்தம்:

பழைய தூதன் அண்ணே, கோபித்துக்கொள்ள வேண்டாம், பெரியார் உதாரணம் இங்கே சரிவராது. அவர் வாங்கிக்கொண்டார். தன்னை மதித்துக் கூப்பிட்டவர் பூசினார், அவர் மனம் நோகாமல் நின்றார், அவ்வளவுதான். நம்ம தம்பி நிற்கப்போவது கொடுக்கிற இடத்தில். பெரியார் போய் யாருக்காவது திருநீறு போட்டுக் குணமாகிவிடும் என்று சொன்னாரா? தம்பியின் மனதில் உறுத்துவதும் அந்த இடம்தான், அதை விட்டுவிட்டு நீங்கள் மற்றதற்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறீர்கள்.

எங்களுடையது தப்பு என்கிற பறையை அடிக்கிற குடும்பம். ஒரு காலத்தில் விடியற்காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக்கு எழுப்பவும் தப்பு, சாவுக்கும் தப்பு, திருவிழாவுக்கும் தப்பு. அடிக்கிறவன் மட்டும் வாசலுக்கு வெளியே. சாவு வீட்டுக்கு வந்து அடி என்று முறை சொல்லி யார் கூப்பிட்டாலும் நான் போவதில்லை. பெரியவர்கள் சொல்கிறார்கள், மரியாதைக்காக இந்த ஒரு தடவை வாயேன் என்று என்னையும் கேட்டிருக்கிறார்கள். மரியாதைக்காக உன் கொள்கையை விட்டுக்கொடு என்கிற பேச்சு எப்போதும் கீழே இருக்கிறவனைப் பார்த்துத்தான் வரும், எதிர்ப்பக்கம் யாரும் எங்களுக்காக எதையும் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. அதனால் மற்றவர்களை மதித்து நம் கொள்கையைக் கொஞ்சம் ஒதுக்கிவைப்பது நல்லது என்று யாராவது பொதுவாகச் சொன்னால், யாருக்கு முன்னால், எந்தக் கொள்கையை என்று நான் திருப்பிக் கேட்பேன்.

ஆனால் காமனுக்கு மட்டும் நான் அடிப்பேன். அங்கே தப்பு எடுத்துக் கொடுத்தால்தான் மன்மதன் காலையே எடுத்து வைப்பான், மாஸ்டர் எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பாட்டை ஆரம்பிப்பார். நானும் உங்களைப் போல நம்பாதவன்தான். அடிப்பதில் எனக்கு ஒரு உறுத்தலும் இல்லை, ஏனென்றால் என் தப்பிடம் வந்து யாரும் பிள்ளைக்குப் பேச்சு வரவேண்டும் என்று கேட்பதில்லை.

என் யோசனை: ஆடுங்கள், திருநீற்றுத் தட்டைத் தொடாதீர்கள்.

பஜார் நானா:

நான் இதில் பேசலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எங்கள் கடைக்குப் பக்கத்துத் தோட்டக் காமன் கமிட்டிக்கு வாப்பா காலத்திலிருந்து வேட்டியும் மஞ்சளும் நாங்கள்தான் கொடுக்கிறோம், காசு வாங்குவதில்லை. பூசையில் போய் நிற்கமாட்டோம், அவர்களும் நிற்கச் சொன்னதில்லை. 2025லும் 2026லும் நோன்பும் காமனும் கிட்டத்தட்ட ஒரே பிறையில்தான் வந்தன. பள்ளிவாசலில் நோன்புக் கால இரவுத் தொழுகையான தராவீஹ் நடக்கிற நேரம் பஜார் வழியாகக் கூத்து வந்தால், வளைவிலேயே தப்பை நிறுத்திவிட்டுப் பேசாமல் நடந்து, பாலம் தாண்டித்தான் திரும்ப அடிப்பார்கள். யாரும் போய்ச் சொல்லவில்லை, அவர்களாகவே செய்தார்கள்.

தம்பியின் தயக்கம் எனக்கு நன்றாகப் புரிகிறது. எங்களிடமும் நிய்யத், அதாவது நோன்பு என்ற மன உறுதி, வைக்காமல் பகல் முழுக்கப் பட்டினி கிடந்தால் அது நோன்பில் சேராது. அதனால் அப்பாவிடம் போகும்போது இதைக் கேளுங்கள்: காப்புக் கட்டுகிறவனுக்கு உள்ளே நம்பிக்கை இருக்க வேண்டும் என்பது உங்கள் முறையா, இல்லை ஒழுங்கு இருந்தால் போதுமா? அது அவருடைய வழிபாடு, பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். நாம் இங்கே உட்கார்ந்து எத்தனை பேர் சொன்னாலும் அவர் சொல்கிற மாதிரி வராது.

மேற்கணக்குக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை வீட்டுக்குப் போய்வந்தேன். டீச்சர் சொன்ன மாதிரி நேரில் பேசினேன், நானா சொன்ன கேள்வியை அப்படியே கேட்டேன். அப்பா சலங்கைக்கு வார் மாற்றிக்கொண்டிருந்தார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நம்பச் சொல்லி யாரையும் நம்ப வைக்க ஏலாது. காப்புக் கட்டின நாளையிலிருந்து ஒழுங்கா இருப்பியா, அதச் சொல்லு" என்றார். இருப்பேன் என்றேன். பிறகு திருநீற்று விஷயத்தைச் சொன்னேன், அதற்குத்தான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கடைசியில் தட்டை அவரே எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வருவதாகவும், பிள்ளைகளுக்கு அவரே போடுவதாகவும் சொன்னார். மாஸ்டர் கையால் வாங்குவதில் யாருக்கும் குறை இருக்காதாம், தாத்தா காலத்திலும் சில வருடம் அப்படித்தான் நடந்ததாம்.

ஆனால் விஷயம் இன்னும் முழுசாக முடியவில்லை. கமிட்டியில் ஒரு பெரியவர், நம்பாதவன் காப்புக் கட்டினால் தோட்டத்துக்கு ஆகாது என்கிறார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கு அது நிஜமான பயம். வரும் ஞாயிறு கமிட்டிக் கூட்டம். அவரும் சரி என்றால்தான் கட்டுவேன், ஆளை வைத்து அழுத்தம் கொடுக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு ஏதாவது வேஷம், அதுவும் இல்லையென்றால் பின்பாட்டு. பௌர்ணமி இங்கே போயா விடுமுறை நாள் என்பதால் அன்று லீவுக்குக் கஷ்டமில்லை, இடையில் உள்ள நாட்களுக்குத்தான் ஆபீஸில் பேசவேண்டும்.

உருமிச்சத்தம், நீங்கள் எழுதியதை அறை நண்பனுக்கும் காட்டினேன். எரிப்பு இரவுக்கு அவனும் வருகிறான்.

பழைய தூதன்:

உருமிச்சத்தம் சொன்னது நியாயம்தான் தம்பி, வாங்குவதும் கொடுப்பதும் ஒன்றாகாது, ஒத்துக்கொள்கிறேன்.

அந்தப் பெரியவரைக் கூட்டத்தில் வைத்துப் பேசாதீர்கள். நாலு பேருக்கு முன்னால் ஒரு தடவை மாட்டேன் என்று சொல்லிவிட்டால் பிறகு அவரால் இறங்கிவர முடியாது. ஞாயிறுக்கு முன்னால் அவர் வீட்டுக்கே போங்கள், அப்பா இல்லாமல் தனியாக. அங்கே போய் விளக்கம் சொல்ல ஆரம்பிக்க வேண்டாம், அவர் காலத்தில் யார் மன்மதன் கட்டினார்கள், எப்படி ஆடினார்கள் என்று கேளுங்கள், அவர் பேசுவார். ரதி வழிமறிக்கிற பாட்டு என்னிடம் பழைய கேசட்டில் இருக்கிறது, மகன் அதை போனுக்கு மாற்றித் தந்திருக்கிறான், தனிமடலில் நம்பர் அனுப்புங்கள். மன்மதன் திரும்பிப் பதில் சொல்கிற இடத்தில் தாளம் மாறும், எல்லாரும் அங்கேதான் தடுமாறுவார்கள், அதை இப்போதிருந்தே பழகுங்கள்.