மறு: ‘நியூட்ரியண்ட் லாக்அவுட்’ – பூட்டா, முடக்கமா?

அனைவருக்கும் வணக்கம். செடிக்கு வேண்டிய சத்து நீரில் இருந்தும் வேரால் எடுக்க முடியாத நிலையை ஆங்கிலத்தில் ‘நியூட்ரியண்ட் லாக்அவுட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் ஐயா எழுதியது இது:

> ‘ஊட்டப்பூட்டு’ என்றே வைத்துக்கொள்வோம். மூலச்சொல்லில் பூட்டு இருக்கிறது, நம் சொல்லிலும் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஐயா, மற்ற எல்லாவற்றிலும் உங்கள் பக்கம்தான். இந்த ஒரு வரி மட்டும் எனக்கு ஒப்பவில்லை. காரணத்தை, சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழே இருக்கும் சமூகத் தோட்டத்திலிருந்து சொல்கிறேன்.

அங்கே மண்ணில்லாமல், தொட்டித் தண்ணீரில் கங்கோங், சாய் சிம் என்ற கீரைகளை வளர்க்கிறோம். போன மாதம் சாய் சிம்மின் குருத்திலைகள் வெளுத்தன. நரம்பு பச்சை, நரம்புக்கு நடுவே மஞ்சள். இரும்புக் குறையின் அடையாளம் என்று பார்த்ததுமே சொல்லிவிடலாம். தோட்டத்து அக்கா ஒருவர் “சத்து பத்தலை” என்று ஏ, பி உரக்கரைசல் இரண்டையும் இன்னொரு தடவை ஊற்றினார். சில நாளில் இலை நுனியும் கருகியது. அப்புறம்தான் மீட்டரை விட்டுப் பார்த்தோம். பிஎச், அதாவது நீரின் அமில-கார அளவு, 7.4. இந்த எண் ஏற ஏறக் காரம் கூடும். தொட்டியில் இரும்பு தாராளமாக இருந்திருக்கிறது. வேரால் அதை எடுக்க முடியவில்லை.

கீரைவகைக்கு 5.5 முதல் 6.5 வரை இருப்பது நல்லது. 6.0இல் இருக்க வேண்டியது 7.4 ஆனால் என்ன, ஒன்றரைகூட இல்லையே என்று தோன்றும். ஆனால் இது மடக்கை அளவு. 1909இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் வேதியியலாளர் சோரன்சன் வகுத்தபடி, ஓர் எண் ஏறினால் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு பத்தில் ஒன்றாகக் குறையும். எங்கள் தொட்டியில் அது ஏறக்குறைய 25இல் ஒரு பங்காகியிருந்தது. அந்த நிலையில் இரும்பு, தண்ணீரில் கரையாத ஹைட்ராக்சைடாகத் திரண்டுவிடுகிறது. மாங்கனீசுக்கும் பாஸ்பேட்டுக்கும் ஏறத்தாழ அதே கதி. நம் குழாய்நீரே 7க்கு மேல்தான் வருகிறது. போதாததற்கு, செடி நைட்ரேட்டை உறிஞ்சும்போது வேர் வழியே காரத்தை வெளியே விடும். தொட்டியின் பிஎச் நாளுக்கு நாள் ஏறும்.

இதைக் ‘குறை’ என்று சொன்னதால்தான் அக்கா உரத்தை ஊற்றினார். குறை என்றால் யாரும் நிரப்பத்தானே பார்ப்பார்கள்? ஆகவே நாம் ஆக்கும் சொல், பொருள் இருக்கிறது, புழக்கத்தில் இல்லை என்பதைக் கேட்டவுடனே உணர்த்த வேண்டும்.

‘பூட்டு’ அதைப் பாதிதான் செய்கிறது. பூட்டினால் உள்ளே இருப்பதெல்லாம் ஒரே நேரத்தில் அடைபடும். தொட்டியில் அப்படி நடப்பதில்லை. பிஎச் ஏற ஏற இரும்பு முதலில் போகும். நைட்ரேட் கடைசிவரை கிடைக்கும். அதிகமாக இறங்கினாலும், 5க்குக் கீழே, கால்சியமும் மக்னீசியமும் கிடைப்பது குறையும்.

என் பரிந்துரை சத்துமுடக்கம். “காசு சீட்டில் முடங்கிக் கிடக்கு” என்கிறோம். காசு நம்முடையது, இருக்கிறது, கைக்கு வரவில்லை. அந்தச் சீட்டிலேயே மேலும் பணம் போட யாருக்கும் தோன்றாது. வினையாகவும் நன்றாக வளைகிறது: காரம் ஏறினால் இரும்பு முடங்கும், கடுங்காரம் மாங்கனீசையும் முடக்கும்.

‘முடக்கம்’ என்றதும் 2020இன் பொதுமுடக்கம் நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் தயங்கியிருந்தார். வரட்டுமே. ஆள்கள் வீட்டுக்குள் இருந்தார்கள், நடமாட்டம் இல்லை. தொட்டியில் இரும்பின் நிலையும் அதுதான்.

யாழ்ப்பாணத்துத் தங்கை தந்த ‘சத்து எட்டாமை’ அழகான சொல். வேரின் பக்கம் நின்று பார்க்கிறது. இரண்டு நாள் அதையே வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். ஆனால் ‘எது முடக்கியது’ என்று கேட்பதுபோல் அதை வைத்துக் கேட்க முடியவில்லை. விளக்கத்தில் வைத்துக்கொள்வோம்: “நீரில் இருந்தும் வேருக்கு எட்டாத நிலை.”

‘கீலேட்’ என்பதற்குப் பாடநூல்களில் உள்ள ‘கொடுக்கிணைப்பு’ எனக்கு மிகவும் பிடித்த ஆக்கம். நண்டு கொடுக்கால் கவ்வுவதுபோல மூலக்கூறு இரும்பைப் பிடித்துவைக்கும் சேர்க்கை. உரத்தில் இரும்பு அப்படித்தான் வருகிறது. அப்படிப் பிடிக்கும் சேர்மங்களில் இடிடிஏவின் கொடுக்கு ஏறக்குறைய பிஎச் 6.5 வரை தாங்கும், டிடிபிஏவின் கொடுக்கு 7.5 வரை. புதுச்சொல்லை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: “கொடுக்கு விட்டால் இரும்பு முடங்கும்.” ஐந்து நிமிட விளக்கம் நான்கு சொல்லில் முடிகிறது.

இந்த ஆங்கிலத் தொடரை அதிகம் புழங்குவோர் வெளிநாட்டுக் கஞ்சா வளர்ப்போர், அதனால் நமக்கு வேண்டாம் என்றும் ஒரு கருத்து வந்தது. சிங்கப்பூரில் அந்தச் செடியை வளர்ப்பது கடுங்குற்றம், அதில் பேச்சே இல்லை. ஆனால் இரும்பு திரளும் விதம் சாய் சிம்முக்கும் அதேதான். பிஎச் என்பதை அப்படியே விடுவோம். மீட்டரில் அதுதான் இருக்கிறது.

தொட்டியில் பாதித் தண்ணீரை மாற்றி, நீர்த்த பாஸ்பாரிக் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து 5.9க்குக் கொண்டுவந்தோம். ஒரு வாரத்தில் வந்த குருத்து பச்சையாக வந்தது. இந்த மீட்சிக்கு ‘முடக்கம் நீங்கியது’ என்றுதான் இப்போதைக்கு எழுதுகிறேன். ஒரே சொல்லாக யாருக்காவது தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை காலை தோட்டத்துப் பலகையில் தமிழில் எழுதிவைப்பதாக அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.