322 மி.மீ. நீளப் பாதம்: மலை வேட்டைக்கு நீடித்து உழைக்கும் பூட்ஸ் எது?

நெடுங்கால்:
வலது பாதம் 322 மி.மீ., இடது 317. விரல் மூட்டுகளின் குறுக்கே அகலம் 120. உடல் எடை 108 கிலோ. பாதை இல்லாத செங்குத்துச் சரிவு, உடைகல், ஈரப்புல் எல்லாம் உண்டு. இறங்கும்போது இறைச்சியோடு சேர்த்து முதுகில் 35 கிலோ வரை ஏறும். இப்போது இருப்பது ஐரோப்பிய அளவு 49. விரல் மடங்கும் இடத்தில் தோல் வெடித்திருக்கிறது, முன்பக்கம் சோல் பிரிகிறது, இறக்கத்தில் பெருவிரல் முட்டுகிறது. பெரும்பாலான மாடல்கள் 47 அல்லது 48-ல் நின்றுவிடுகின்றன. என்ன அளவு, என்ன கட்டுமானம் தேட வேண்டும்? இன்னும் நல்ல தோல் வாங்கினால் போதுமா?

மலைச்சரிவு:
தோலுக்குப் போகும் முன் அளவைச் சரி பண்ணுங்கள். நீங்கள் சொன்ன மூன்று கோளாறுக்கும் பூட்ஸ் குட்டையாக இருப்பது ஒரு காரணம்.

ஐரோப்பிய எண் உங்கள் பாதத்தின் நீளத்தைச் சொல்வதில்லை. பூட்ஸை எந்தப் பாத வடிவ அச்சின் மேல் செய்தார்களோ அந்த அச்சின் நீளத்தைச் சொல்கிறது. ஒரு எண்ணுக்கு 6.67 மி.மீ. மலை இறக்கத்துக்குப் பெரிய பாதத்தின் நீளத்தோடு 15 மி.மீ. இடம் விடுங்கள்: 322 + 15 = 337. அதை 6.67-ஆல் வகுத்தால் 50.5 வருகிறது. அதே 337 மி.மீ. பிரிட்டிஷ் கணக்கில் கிட்டத்தட்ட 15, அமெரிக்க ஆண்கள் கணக்கில் கிட்டத்தட்ட 16. 49 என்றால் அச்சு 327 மி.மீ.தான், வெறும் 5 மி.மீ. இடம். விரல் முட்டாமல் என்ன செய்யும்?

அளவு மாற்றும் அட்டவணைகளை நம்பாதீர்கள். பிரிட்டிஷ் எண்ணின் படி 8.47 மி.மீ., ஐரோப்பியப் படி 6.67. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் வசதிக்கு முழு எண்ணாக்குவதால் பெரிய அளவுகளில் ஒரு எண் வரை வித்தியாசம் வரலாம். விற்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: உள்ளே இருக்கும் இன்சோலைக் கழற்றி அளந்தால் எத்தனை மி.மீ.? உங்களுக்கு 335-க்குக் குறையக் கூடாது.

பாதத்தை மாலையில், போடப்போகும் சாக்ஸுடன், நின்றபடி, முதுகில் 15 கிலோ பாரத்தோடு அளந்து பாருங்கள். பாரம் ஏறும்போது வளைவு தாழ்ந்து பாதம் நீள்கிறது. குதிகாலிலிருந்து பெருவிரல் மூட்டு வரையான நீளத்தையும் தனியாகக் குறியுங்கள். பூட்ஸ் மடங்கும் இடம் அந்த மூட்டின் மேல் விழ வேண்டும். அகலம் போதவில்லை என்று இன்னும் இரண்டு எண் கூட்டி வாங்கினால் மடிப்பு மூட்டைத் தாண்டி முன்னே போய்விடும், குதிகால் தூக்கும். அகலத்துக்கு அகல அச்சுதான் தேட வேண்டும், நீளத்தைக் கூட்டக் கூடாது.

சாக்ஸையும் விடாதீர்கள். 46 வரை எழுதியிருக்கும் சாக்ஸை 50-க்கு இழுத்து மாட்டினால் அது விரல்களைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும். பிறகு எந்த பூட்ஸும் முட்டத்தான் செய்யும்.

தோல்பட்டறை:
அளவு பற்றி மேலே சொன்னது சரி. வெடிப்புக்கும் சோல் பிரிவதற்கும் இன்னொரு காரணம் இருக்கிறது. சோலுக்குள் இருக்கும் தட்டு உங்களுக்குப் போதவில்லை.

ஒரு முனை பிடிக்கப்பட்ட தட்டு வளையும் அளவு அதன் நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 270 மி.மீ. பாதத்துக்கு வைத்த அதே தடிமன் நைலான் தட்டை 322-க்கு நீட்டினால், ஒரே பாரத்துக்கு ஏறக்குறைய 1.7 மடங்கு வளையும். தட்டு அகலமாவதால் இது கொஞ்சம் குறையும், ஆனால் உங்கள் எடையும் சுமையும் அதை விழுங்கிவிடும். மற்றவர்களுக்கு விறைப்பாக இருக்கும் பூட்ஸ் உங்கள் காலில் நடைப்பயிற்சி ஷூ ஆகிறது. ஒவ்வோர் அடியிலும் ஆழமாக மடங்கும்போது மடிப்பில் தோலின் எண்ணெய் வற்றி இழை அறுகிறது. சோலின் முன்விளிம்புப் பசையும் அங்கேதான் வாய் திறக்கிறது. எனவே நல்ல தோல் மட்டும் காப்பாற்றாது. விறைப்பு கூட வேண்டும்.

ஜெர்மன் பூட்ஸ் நிறுவனமான மைண்டல் வகுத்த ஏ (வளைவது) முதல் டி (மிக விறைப்பு) வரையிலான வரிசையைப் பல வேட்டைக்காரர்கள் பொது அளவுகோலாக வைத்துப் பேசுகிறார்கள். சராசரி எடைக்காரருக்கு பி போதும் என்றால் உங்களுக்கு பி/சி, அதாவது பி-க்கும் சி-க்கும் இடைப்பட்டது. நிறுவனம் பெரிய அளவுகளில் தட்டைத் தடிமனாக்குகிறதா என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் ஒரு படி மேலே எடுங்கள்.

மேல்தோல் 2.8 முதல் 3 மி.மீ. தடிமன் உள்ள நூபக் (வெளிப்பக்கம் லேசாகத் தேய்த்த தோல்), முடிந்தவரை ஒரே துண்டு. முன்பாதத்தில் தையல் குறைவாக இருக்க வேண்டும். உடைகல் முதலில் அறுப்பது நூலைத்தான். சோலுக்கு மேலே சுற்றிலும் ரப்பர் பட்டை கட்டாயம். முன்பாதத்தில் வெளித்தெரியும் தையல் மேல் புதிதாக இருக்கும்போதே திரவ யூரித்தேன் பசையை மெல்லிய கோடாகப் பூசி ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள். செய்பவர் குறைவு, பலனோ அதிகம்.

நடு சோலை, அதாவது அடி ரப்பருக்கு மேலே உள்ள மெத்தை அடுக்கைப் பற்றி நான் மிகவும் வலியுறுத்துவேன். அளவு கிடைப்பதே அரிது என்பதால் கிடைத்த இடத்தில் இரண்டு மூன்று ஜோடி வாங்கி அடுக்கி வைப்பது பெரிய பாதக்காரர்களின் வழக்கம். தயவுசெய்து வேண்டாம். கனமான மலை பூட்ஸ் பலவற்றில் நடு சோல் பாலியூரித்தேன் நுரை. காற்றின் ஈரம் அதன் வேதிப்பிணைப்பை மெல்ல உடைக்கிறது. பெட்டிக்குள் பூட்டி வைத்தால் இன்னும் மோசம். நடந்தே இராத பூட்ஸ்கூட ஐந்து முதல் பத்து வருடத்தில் நொறுங்கி, முழு சோலும் மலையில் கழன்று விழும். ஈ.வி.ஏ. என்ற இன்னொரு இலகு நுரைக்கு இந்த நோய் இல்லை, ஆனால் 108 கிலோவும் 35 கிலோ சுமையும் அதைச் சீக்கிரம் அமுக்கித் தட்டையாக்கிவிடும். ஆகவே பாலியூரித்தேனையே வாங்குங்கள், வாங்கியதைத் தொடர்ந்து போடுங்கள், உற்பத்தித் தேதியைக் கேட்காமல் பழைய இருப்பை எடுக்காதீர்கள்.

மறுசோல் போட முடியுமா என்பதையும் வாங்கும் முன்பே கேளுங்கள். பசையால் ஒட்டிய பூட்ஸுக்கும் போடலாம்: பழைய சோலைச் செதுக்கி, நடு சோலையும் ரப்பர் பட்டையையும் மாற்றுவார்கள். ஆனால் உங்கள் அளவுக்கு விப்ராம் (ரப்பர் சோல் செய்யும் நிறுவனம்) சோல் கையிருப்பில் இருக்க வேண்டும். 48-க்கு மேல் இல்லை என்று சொல்லும் பட்டறைகள் உண்டு.

பனிக்காடு:
பி/சி பற்றி ஒரு எச்சரிக்கை. விறைப்பு கூடினால் காலடிச் சத்தமும் கூடும், பாறையில் பாதம் தரையை உணராது. அடர்காட்டில் அருகே நெருங்கி வேட்டையாடுபவர் என்றால் பி-யிலேயே நில்லுங்கள். திறந்த மலையில் தூரத்திலிருந்து சுடுவது, சரிவைக் குறுக்கே கடப்பது என்றால் தோல்பட்டறை சொன்னதே சரி.

உள்ளே வெப்பக் காப்பு வேண்டுமா என்பதையும் முடிவு செய்யுங்கள். ஏறிக்கொண்டே இருப்பவருக்கு அது வியர்வையைத்தான் தரும். தொலைநோக்கியோடு மணிக்கணக்கில் உட்காருபவருக்கு சதுர மீட்டருக்கு 200 கிராம் வரையிலான காப்பு சரி. பட்டியலில் போடும் எடை பெரும்பாலும் 42 போன்ற நடுத்தர அளவுக்கானது. உங்கள் அளவில் ஏறக்குறைய கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

நெடுங்கால்:
நன்றி. திறந்த மலைதான், அதனால் பி/சி என்று முடிவு செய்கிறேன். இரண்டு சந்தேகம். என் குதிகால் ஒல்லி, முன்பாதம் அகலம். அகல அச்சு வாங்கினால் பின்னால் ஆடாதா? ஆயத்த அளவே கிடைக்காவிட்டால் கையால் செய்து வாங்கலாமா?

தோல்பட்டறை:
அகல அச்சிலும் குதிகால் ஒடுங்கியவை உண்டு. போட்டுப் பார்க்கும்போது லேஸ் கட்டும் முன் குதிகாலைத் தரையில் இரண்டு தட்டு தட்டிப் பின்னுக்குத் தள்ளுங்கள். புறங்கால் வளைவில் லேஸை இரண்டு சுற்று முறுக்கிப் பூட்டி, அதன் மேலே உள்ள கொக்கிகளைத் தனியாகக் கட்டுங்கள். பூட்டுக்குக் கீழே முன்பாதம் தளர்வாக இருக்கும், மேலே கணுக்கால் இறுகும். ஏற்றத்தில் மேல் இரண்டு கொக்கியைத் தளர்த்துங்கள், இறக்கத்துக்கு முன் மீண்டும் இறுக்குங்கள்.

சாய்வுப் பலகையில் இறங்கி நின்று முன்னுக்கு மூன்று முறை உதையுங்கள். விரல் நுனி தொடக் கூடாது. குதிகால் 3, 4 மி.மீ. தூக்குவது புதிய விறைப்பான பூட்ஸில் இயல்பு, பழகினால் குறையும். அதற்கு மேல் தூக்கினால், லேஸுக்கு அடியில் இருக்கும் பூட்ஸ் நாக்கின் உட்பக்கம் ஒரு ஃபெல்ட் பட்டை ஒட்டுங்கள். குதிகாலுக்குப் பின்னால் பஞ்சு வைக்காதீர்கள், அது பாதத்தை முன்னுக்குத் தள்ளிவிடும். தனியாக இன்சோல் வாங்கினால் அதுவும் முழு நீளம் இருக்கிறதா பாருங்கள். குட்டையானதன் விளிம்பு விரலடியில் மேடாக உறுத்தும்.

கையால் செய்வது முடியும். அமெரிக்காவின் ஸ்போக்கேன் நகரில் வைட்ஸ், நிக்ஸ் போன்ற பட்டறைகள் அளவெடுத்துத் தைக்கின்றன. தைத்துக் கட்டியது என்பதால் அடிப்பாகத்தை முழுவதும் பிரித்துப் புதிதாக்கலாம். ஆனால் அந்த மரபு காட்டுத்தீ வீரர்களுக்கும் மரம் வெட்டுபவர்களுக்கும் வளர்ந்தது: உயரக் குதி, தோல் நடு சோல், நீர்புகாச் சவ்வு பொதுவாக இல்லை, எடை கூடுதல். ஈரப்புல்லில் மெழுகை நம்பித்தான் போக வேண்டும். குறுக்குச் சரிவில் உயரக் குதி கணுக்காலைத் திருப்பும், தாழ்ந்த குதி கேளுங்கள். 50 அல்லது 51-ல் ஆயத்த பி/சி கிடைத்தால் முதலில் அதையே பாருங்கள்.

மலைச்சரிவு:
காய வைக்கும் முறையையும் சேர்க்கிறேன். தீயருகே வைத்தால் தோல் சுருங்கும், பசை இளகும். ஏற்கெனவே இடம் குறைந்த பூட்ஸில் இடம் இன்னும் குறையும். இன்சோலை வெளியே எடுத்து, செய்தித்தாளை உள்ளே திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். சவ்வு உள்ள பூட்ஸின் உள்பக்கத்தை அவ்வப்போது வெதுவெதுப்பான நீரில் அலசுங்கள், சேரும் மணல்தான் சவ்வை அரைத்து ஓட்டையாக்குகிறது. மெழுகை மடிப்புக் கோட்டில் விரலால் அழுத்தித் தேயுங்கள், மற்ற இடத்துக்கு மெல்லப் பூசினால் போதும்.