வீட்டில் பிள்ளைகள் ஆங்கிலம் கலந்து பேசினால் திருத்துவதா, விட்டுவிடுவதா?

கொக்குவிலான்:
ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் வாசலுக்கு உள்ளே தமிழ் மட்டும்தான். மகள் 'ஃபிரிட்ஜைத் திறக்கவா' என்று கேட்டால், 'குளிர்சாதனப் பெட்டி' என்று சொல்லும்வரை விடமாட்டேன். இது கொஞ்சம் அதிகம் என்பது மனைவியின் எண்ணம். ஆனால் போன மாதம் ஒரு உறவினர் வீட்டுக்குப் போயிருந்தோம், அங்கே நான்கு பிள்ளைகள், ஒருவர் வாயிலும் ஒரு முழுத் தமிழ் வசனம் வரவில்லை, தாய் தமிழில் கேட்க அவர்கள் ஆங்கிலத்தில் பதில் சொல்ல, அப்படியே பழகிவிட்டார்கள். 1983க்குப் பிறகு வீடு வாசல், காணி எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த சனம் நாங்கள். கையோடு கொண்டுவந்தது மொழிதான். அது கரைவது ஒவ்வொரு சொல்லாகத்தான் தொடங்குகிறது, அதனால் முதல் சொல்லிலேயே நிறுத்தவேண்டும் என்பது என் முடிவு. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

செங்காந்தள்:
அண்ணா, உங்கள் பயம் எனக்கும் உண்டு. சிங்கப்பூரில் பல வருடமாகத் தமிழாசிரியராக இருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன், நீங்கள் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள். 'ஃபிரிட்ஜைத் திறக்கவா' என்ற வாக்கியத்தைப் பாருங்கள். வேற்றுமை உருபு தமிழ், வினை தமிழ், அனுமதி கேட்கும் அந்த 'வா' அசல் தமிழ். பிள்ளை இலக்கணத்தைச் சரியாகப் போட்டுவிட்டு ஒரு பொருளின் பெயரை மட்டும் வெளியிலிருந்து எடுத்திருக்கிறது. சாவி, ஜன்னல், அலமாரி, மேசை எல்லாம் போர்த்துகீசியர் காலத்தில் வந்தவைதானே, அவற்றால் தமிழுக்கு என்ன குறைந்துபோயிற்று? உங்கள் உறவினர் வீட்டில் நடந்திருப்பதைக் கலப்பு என்றே சொல்ல முடியாது, பிள்ளைகள் மொழியையே மாற்றிக்கொண்டுவிட்டார்கள்.

இன்னொன்று சொல்லவேண்டும், இது என் மனதில் பல நாளாகக் கிடக்கிறது. வகுப்பில் ஒரு பையன் எழுந்து, 'நேத்து எங்க தாத்தா சைக்கிள்ல இருந்து ஸ்லிப் ஆகி' என்று ஆரம்பித்தான். நான் 'வழுக்கி' என்றேன். 'வழுக்கி விழுந்து, அப்புறம் ஆம்புலன்ஸ்' என்றான். 'அவசர மருத்துவ ஊர்தி' என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். 'ஒண்ணுமில்ல டீச்சர்' என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான். அவன் தாத்தாவுக்கு என்ன ஆனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து பேசிக்கொண்டிருக்கும் பிள்ளையை நான் இடைமறித்துத் திருத்துவதில்லை.

கொக்குவிலான்:
ரீச்சர், அந்தப் பையன் கதை மனதைத் தொட்டது, மறைக்கவில்லை. ஆனாலும் உங்கள் ஜன்னல், சாவி வாதத்தை ஏற்கமாட்டேன். அவை பெயர்ச்சொற்கள். இப்போது போவது வினைச்சொற்கள். வாஷ் பண்ணு, குக் பண்ணு, டிரைவ் பண்ணு, வெயிட் பண்ணு என்று எங்கள் பிள்ளைகள் கதைக்கிறார்கள். கழுவு, சமை, ஓட்டு, காத்திரு, நான்கு உயிருள்ள வினைகள் போய் அந்த இடத்தில் ஒரே ஒரு 'பண்ணு' உட்கார்ந்திருக்கிறது. மேசை வந்ததால் எந்த வினையும் வாயை விட்டுப் போகவில்லையே! இங்கே போகிறது. 'கழுவினான்', 'அலசினான்', 'துலக்கினான்' மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் என் மகளுக்குத் தெரியாது, அவளுக்கு மூன்றும் 'வாஷ் பண்ணினான்'.

திருத்தினால் பயன் இல்லை என்பதும் சரியில்லை. மறைமலையடிகள் 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியபோது மேடைகளில் 'அக்கிராசனர்', 'நமஸ்காரம்' என்றுதான் கேட்கும். இன்று 'தலைவர்', 'வணக்கம்' என்று எல்லாரும் இயல்பாகச் சொல்கிறோம். யாரோ விடாமல் திருத்தியதால் வந்த மாற்றம் அது.

செங்காந்தள்:
வினைச்சொல் பற்றி நீங்கள் சொல்வது உண்மை, அதற்கு என்னிடம் எதிர்வாதம் கிடையாது. துலக்கு என்ற சொல்லை நானே பேசிப் பல காலமாகிறது.

ஆனால் மறைமலையடிகள் காலத்தில் சுற்றியிருந்த எல்லாரும் தமிழ்தான் பேசினார்கள், எந்தத் தமிழ் என்பதுதான் அப்போது கேள்வி. நம் பிள்ளைகளுக்குத் தமிழா, ஆங்கிலமா என்பதே கேள்வி, ஆங்கிலம் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சிங்கப்பூரைப் பாருங்கள். தமிழ் இங்கே ஆட்சிமொழிகள் நான்கில் ஒன்று, 1935 முதல் தமிழ் முரசு வருகிறது, பள்ளியில் தாய்மொழிப் பாடம் உண்டு. இத்தனை இருந்தும் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5. அதே பத்தாண்டில் ஆங்கிலம் 32.3இலிருந்து 48.3க்கு ஏறிவிட்டது. சுத்தமான தமிழ் எழுதத் தெரிந்த மாணவர்கள் எங்களிடம் எத்தனையோ பேர் உண்டு, கட்டுரையில் நல்ல மதிப்பெண் வாங்குவார்கள், வகுப்பு வாசலைத் தாண்டியதும் ஆங்கிலம்தான். தமிழ் அவர்களுக்குத் தேர்வு எழுதும் மொழியாக இருக்கிறது, தம்பியோடு சண்டை போடும் மொழியாக இல்லை. அதனால்தான் 2005இல் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பேச்சுத்தமிழையும் வகுப்புக்குள் கொண்டுவரச் சொன்னது.

உங்கள் மகளுக்குத் தம்பி தங்கை இருந்தால் ஒன்று கவனியுங்கள், நீங்கள் அறையில் இல்லாதபோது அவர்கள் எந்த மொழியில் விளையாடுகிறார்கள்?

பினாங்குக்காரி:
இடையில் வருகிறேன். மலேசியாவில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்த் தொடக்கப்பள்ளிகள் இருக்கின்றன. கணக்கையும் அறிவியலையும் ஆறு வருடம் தமிழில் படித்த பிள்ளை, 'பின்னம்', 'ஒளிச்சேர்க்கை' எல்லாம் யோசிக்காமல் சொல்லும். பெற்றோர் திருத்தத் தேவையே இல்லை. சனிக்கிழமை இரண்டு மணி நேரத் தமிழ் வகுப்பையும் அப்பாவின் சட்டத்தையும் வைத்துக்கொண்டு ஒரு மொழியைக் காப்பாற்ற முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம், எல்லாப் பழியையும் ஆங்கிலத்தின் மேல் போடாதீர்கள். பிஜிக்கு 1903 முதல் கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழர்களின் வீட்டுத் தமிழை விழுங்கியது பிஜி இந்தி. பிரெஞ்சு ஆட்சியில் இருக்கும் ரீயூனியன் தீவில், அங்கத்தக் கலப்பு மொழியான கிரியோலும் பிரெஞ்சும். தமிழ் பேசி எந்த வேலையும் நடக்காத இடத்தில் பக்கத்தில் எந்த மொழி இருக்கிறதோ அது வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தெற்குவாசல்:
மூன்று பேரும் மொழி போனால் எல்லாம் போயிற்று என்ற முடிவிலிருந்து பேசுகிறீர்கள். அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். 1860இல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு முதல் கப்பல் போன ஊர் அது. அங்கே நம்மவர்கள் வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசுகிறார்கள், இன்று நேற்றல்ல, தாத்தா காலத்திலிருந்து. ஆனால் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள், பெயர்கள் கோவிந்தர், முருகன், பெருமாள் என்று இருக்கின்றன. 1996 அரசியலமைப்பில் மதித்து வளர்க்கவேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழ் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது.

என் பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தேவாரம் பாடுவார். ஒருநாள் அந்த நோட்டைக் காட்டினார். பாட்டு முழுக்க ஆங்கில எழுத்தில், ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் சிவப்பு மையில் ஆங்கில அர்த்தம், ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. ழகரம் வரும் இடங்களில் மட்டும் சின்னதாக ஒரு கோடு போட்டிருந்தார், அங்கே நாக்கை மடிக்கவேண்டும் என்று அவர் பாட்டி சொல்லிக்கொடுத்ததாம். அந்த அம்மாவிடம் போய் நீங்கள் தமிழர் இல்லை என்று யார் சொல்வது? நான் சொல்லமாட்டேன்.

கொக்குவிலான்:
யாரும் அப்படிச் சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டோம். ஆனால் அந்த அம்மா ஒவ்வொரு வரியின் கீழும் சிவப்பு மையில் எழுதவேண்டி வந்ததே, அந்த உழைப்பு என் பேத்திக்கு வரக்கூடாது என்றுதான் சொல்கிறேன். அந்தக் கோட்டை அவர் எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார் பாருங்கள். இழந்தவருக்குத்தான் அதன் அருமை தெரிகிறது.

பினாங்குக்காரி, பள்ளி இருந்தால் நல்லது. இங்கே அப்படி ஒன்று வரும்வரை நான் காத்திருக்க முடியாது, மகளுக்கு இப்போதே பத்து வயது.

ரீச்சர், நீங்கள் கேட்டதை இரண்டு நாள் கவனித்தேன். மகனும் மகளும் நான் படி இறங்கும் சத்தம் கேட்டால் தமிழுக்கு மாறுகிறார்கள், நான் மேலே போனதும் ஆங்கிலம். இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. என் சட்டம் அவர்களுக்கு என் முன்னால் நடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

நேற்று இரவு சாப்பாட்டில் நான் எதையும் திருத்தவில்லை. மகள் பள்ளியில் நடந்த ஓட்டப்போட்டியைப் பற்றி இருபது நிமிடம் கதைத்தாள். அவள் இவ்வளவு கதைப்பாள் என்று எனக்குத் தெரியாது. முடித்துவிட்டு, 'அப்பா, ஏன் இண்டைக்கு நீங்கள் ஒண்டும் சொல்லேல்ல?' என்று கேட்டாள். எத்தனை 'பண்ணு' என்று எண்ணிக்கொண்டுதான் இருந்தேன், அது என்னை விட்டுப் போகாது. கழுவு, அலசு, துலக்கு விஷயத்தில் நான் இறங்கி வரமாட்டேன், பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

நீங்களும் ஒன்று செய்யுங்கள் ரீச்சர். அந்தப் பையன் இன்னும் உங்கள் பள்ளியில் இருந்தால், தாத்தாவுக்கு என்ன ஆனது என்று கேளுங்கள்.

செங்காந்தள்:
இருக்கிறான் அண்ணா, இப்போது உயரமாக வளர்ந்துவிட்டான். திங்கட்கிழமை கேட்கிறேன்.