புதுப்பிப்பு: காற்றின் திசை ஏன் விலகியது என்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது

முந்தைய இழையில் கேட்டது இதுதான்: சூடான இலக்கு, 2.7 கெல்வின் குளிர் விண்வெளி இரண்டையும் வைத்து ரேடியோமீட்டரை (கடல் வெளியிடும் நுண்ணலைகளைச் செயற்கைக்கோளிலிருந்து அளக்கும் கருவி) அளவுதிருத்திய பிறகும், என் மாதிரிக் கணக்கில் மொரீஷியஸைச் சுற்றி வீசும் தென்கிழக்குக் காற்று ஏன் திசை விலகித் தெரிகிறது? "ஆன்டெனா சுழற்சியைப் பாருங்க தம்பி" என்று எழுதிய டர்பன் அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி. அதுதான் காரணம்: ஆன்டெனா அதன் சரியான கோணத்திலிருந்து சற்றே திரும்பியிருப்பது.

அந்த இரண்டு இலக்குகளுக்கும் முனைவாக்கம் (அலை ஒரு தளத்தில் மற்றதைவிட அதிகமாக அதிர்வது) கிடையாது. கருவியின் முனைவாக்கத் தளம் சற்றே திரும்பியிருந்தாலும் அவை காட்டிக்கொடுக்காது. கடல் அப்படியல்ல. 37 கிகாஹெர்ட்ஸில் செங்குத்து, கிடை முனைவாக்கங்களுக்கு இடையே 60 கெல்வின் வேறுபாடு என்று வையுங்கள். தளம் 1 பாகை திரும்பினாலே 60 × சைன் 2°, அதாவது சுமார் 2.1 கெல்வின், மூன்றாம் ஸ்டோக்ஸ் அளவுக்குள் (+45, −45 பாகை முனைவாக்கங்களின் வேறுபாடு; காற்றின் திசையைக் காட்டுவது இதுதான்) கசிந்துவிடும். காற்றின் திசை தரும் சமிக்ஞையே சில கெல்வின்தான்! கடற்காற்றை அளக்க 2003இல் ஏவப்பட்ட விண்ட்சாட் போன்ற கருவிகளுக்குக் கோணத்தில் ஏன் அத்தனை துல்லியம் தேவை என்பது இப்போது நன்றாகப் புரிகிறது.

பிழையைப் பிடிக்கும் வழி எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எல்லாத் திசைக் காற்றும் கலந்த பெரிய கடற்பரப்பை எடுத்து, மூன்றாம் ஸ்டோக்ஸைச் செங்குத்து, கிடை வேறுபாட்டுக்கு எதிரே வரையுங்கள். கோடு சாய்ந்தால் சுழற்சிப் பிழை. அடர்ந்த மழைக்காட்டின் மேல் வேறுபாடு மிகக் குறைவு. அங்கேயும் மிச்சம் நின்றால் வேறு காரணம், பெரும்பாலும் ±45 பாகை அலைவரிசைகளின் சமனின்மை.

மழைக்குள் வேறுபாடு சுருங்கும், கசிவும் சுருங்கும். அதனால் ஒரே எண்ணை எல்லா இடத்திலும் கழிக்காதீர்கள். கோணத்தை வைத்துப் புள்ளிக்குப் புள்ளி திருத்துங்கள். சூறாவளிப் பருவத்துக்கு இதைப் பயன்படுத்த நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.