நைஜீரியத் தரைப்படைத் தளபதிகள்: வரிசையில் முதல் பெயர் யாருடையது?

கேள்வி:
நைஜீரியத் தரைப்படைத் தளபதிகளின் வரிசையைத் தமிழில் தொகுக்கிறேன். ஒரு பட்டியல் கென்னத் எக்ஸாமில் தொடங்குகிறது, இன்னொன்று அகுயி இரோன்சியில், வேறொன்று யாக்குபு கோவோனில். எதை எடுப்பது? 2021, 2024 இரண்டிலும் தேதிகள் ஒட்டவில்லை. அச்சுப் பிழையா?

பதில் 1:
மூன்றும் சரிதான் நண்பரே, பதவியின் பெயர்தான் இடையில் மாறிவிட்டது. எக்ஸாம் (1956-60), நார்மன் ஃபாஸ்டர் (1960-62), வெல்பி எவரார்ட் (1962-65) மூவரும் பிரிட்டிஷ்காரர்கள். அப்போது அந்தப் பொறுப்புக்கு ஜிஓசி (General Officer Commanding, படைக்குத் தலைமை தாங்கும் அதிகாரி) என்று பெயர். 1965இல் எவரார்டிடமிருந்து பொறுப்பேற்ற இரோன்சிதான் முதல் நைஜீரியர். பழைய படங்களில் கையில் பாடம் செய்த குட்டி முதலையோடு நிற்பவர் அவரே. 1966 ஜனவரிப் புரட்சியை அடுத்து ஆட்சி அவர் கைக்கு வந்தது, கோவோனைத் தரைப்படைத் தளபதி ஆக்கினார். இன்றைய பதவிப்பெயர் அங்கிருந்துதான். வரிசை எண்ணை விட்டுவிட்டு, பதவிப்பெயருக்கென்று தனி நெடுவரிசை போடுங்கள்.

பதில் 2:
அச்சுப் பிழை இல்லை. 2021 ஜனவரி 26இல் நியமனமான இப்ராஹிம் அத்தாஹிரு மே 21 அன்று கடூனாவில் விமான விபத்தில் இறந்தார். ஃபாரூக் யஹாயா நியமனம் மே 27. நடுவில் ஆறு நாள் காலி, அதை நிரப்பி எழுதாதீர்கள். 2024இல் கதை நேரெதிர். அப்போதைய தளபதி லக்பாஜா உடல்நலமின்றி இருக்கும்போதே அக்டோபர் 30 அன்று ஒலுஃபெமி ஒலுயேடே பொறுப்புத் தளபதி ஆனார். லக்பாஜா இறந்தது நவம்பர் 5. அதுவரை இருவர் பெயரும் நிற்கும், ஒலுயேடேவுக்குப் பக்கத்தில் "பொறுப்பு" என்று போட்டால் போதும். இருவரும் நைஜீரியப் பாதுகாப்பு அகாதமியில் 39வது ரெகுலர் கோர்ஸ், அதாவது ஒன்றாகப் பயிற்சி பெற்ற ஒரே அணி. இளைய கோர்ஸிலிருந்து ஒருவரைத் தூக்கி வைத்தால் மூத்த ஜெனரல்கள் கூட்டமாக ஓய்வில் போவது அங்கே வழக்கம், அதனால் ஒவ்வொரு பெயருக்கும் கோர்ஸ் எண்ணைச் சேர்த்தால் பட்டியலின் மதிப்பே வேறு.

ஆயுதப்படைச் சட்டம் 18ஆம் பிரிவின்படி நியமனத்துக்கு நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டும். அபுஜா நீதிமன்றம் 2013இல் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. நியமன நாள், ஒப்புதல் நாள் இரண்டையும் கலக்காதீர்கள்.

பதில் 3:
அதிகம் தடுக்கிவிழும் இடம் முப்படைத் தலைமைத் தளபதி பதவி. அது வேறு நாற்காலி. கிறிஸ்டோபர் மூசா 2023 முதல் 2025 வரை அதில் இருந்தார், தரைப்படைத் தளபதியாக ஒருநாளும் இருந்ததில்லை. அக்வாய், அஸாஸி போல முதலில் தரைப்படை, பிறகு முப்படை என்று போனவர்களும் உண்டு. 2025 அக்டோபரில் ஒலுயேடேவும் அப்படித்தான் போனார், தரைப்படைக்கு வைடி ஷைபு வந்தார்.

ராணுவ ஆட்சியாளர் சானி அபாச்சாவும் தரைப்படைத் தளபதியாக இருந்தபடியே ஆட்சியைப் பிடித்தார் என்று எங்காவது பார்த்தால், அதைத் திருத்திக்கொள்ளுங்கள். தரைப்படைத் தளபதி நாற்காலியிலிருந்து நேராக ஆட்சியைப் பிடித்தவர் பாபங்கிடா, 1985 ஆகஸ்ட் 27. அபாச்சா 1990லேயே தரைப்படையை விட்டுவிட்டார். 1993 நவம்பரில் ஆட்சிக்கு வரும்போது அவர் பாதுகாப்பு அமைச்சர்.