தாத்தாவின் துப்பாக்கி

குழு: அழகர்கோவில் ரோடு சொந்தங்கள்

செல்வம் பெரியப்பா: அப்பா துப்பாக்கிக்கு லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். கலெக்டர் ஆபீஸுக்கு இந்த வாரமே மூன்று நடை. ஆளுக்கு 500 அனுப்புங்கள்.

மீனா அத்தை: அண்ணே, அதைக் கடைசியாகச் சுட்டது எப்போது?

செல்வம் பெரியப்பா: 1987. காட்டுப்பன்றி. படவில்லை.

மீனா அத்தை: பன்றி தப்பித்துவிட்டது. நாம் இன்னும் தண்டம் அழுகிறோம் 😀

செல்வம் பெரியப்பா: தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷனில் ஒப்படைக்கவும் வேண்டும். போன தடவை வாங்கி வந்தால் குழல் வாயில் துரு. தையல் மெஷின் எண்ணெய் விட்டுத் துடைத்தே ஒரு ஞாயிறு போச்சு.

கார்த்தி: அமெரிக்காவிலும் இதே கதைதான் பெரியப்பா. அணு ஆயுதங்களை வைத்துக் காக்க, புதுப்பிக்க 2025 முதல் 2034 வரை 94,600 கோடி டாலர் என்று அவர்கள் நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகமே கணக்குப் போட்டிருக்கிறது. நம் காசுக்கு 80 லட்சம் கோடிக்கு மேல்!

மீனா அத்தை: இருக்கிற குண்டு சும்மாதானே கிடக்கிறது, அதற்கென்னடா செலவு?

கார்த்தி: உள்ளே டிரிட்டியம் என்று ஒரு வாயு. 12 வருடத்தில் பாதியாகிவிடும். ஏசிக்கு கேஸ் அடிக்கிற மாதிரி அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம், 1970-ல் வந்த மினிட்மேன்-3 ஏவுகணைக்குப் பதில் சென்டினல் செய்கிறார்கள். 2024-ல் மதிப்பீடு 81 சதவீதம் எகிறி, சுமார் 14,100 கோடி டாலர். எகிறியதில் பெரும்பகுதி ஏவுகணைக்கே இல்லை. குழி, கட்டுப்பாட்டு அறை, கேபிள் வேலைக்கு.

செல்வம் பெரியப்பா: மோட்டார் மாற்றப் போய் போர்வெல்லே போட்ட கதை.

கார்த்தி: இன்னொரு கூத்து கேளுங்கள். நீர்மூழ்கி ஏவுகணைக் குண்டில் ஃபோக்பேங்க் என்று ஒரு சரக்கு. அதைச் செய்த ஆலையை மூடிவிட்டார்கள். 2000-க்கு அப்புறம் குண்டைப் புதுப்பிக்கப் போனால் பக்குவம் யாருக்கும் பிடிபடவில்லை. புது ஆலை கட்டியும் சரியாக வரவில்லை. கடைசியில் பார்த்தால், பழைய சரக்கில் தெரியாமலே கலந்திருந்த ஒரு அழுக்குதான் விஷயமே. புது முறையில் அதைச் சுத்தமாக எடுத்துவிட்டார்கள்!

மீனா அத்தை: அம்மாவின் நார்த்தங்காய் ஊறுகாய்! ஜாடியைக் கழுவாதே கழுவாதே என்று அடித்துக்கொள்வாள். நான்தான் விம் போட்டுத் தேய்த்தேன்.

செல்வம் பெரியப்பா: அது இருக்கட்டும். துப்பாக்கியை ஒரேயடியாக ஒப்படைத்துவிடலாமா?

மீனா அத்தை: அப்பா துப்பாக்கியையா? எதிர்த் தோட்டத்துக்காரர் வைத்திருக்கிறாரே!

கார்த்தி: அவரும் சுட்டதே இல்லை அத்தை.

மீனா அத்தை: 500 அனுப்பிவிட்டேன் அண்ணே.